யாரும் அளந்து பார்க்காத வலி

2019 ஜூனில் வெளியான ஒரு செய்தியைக் கொங்கு நாட்டில் பலரும் மறந்திருப்பார்கள். தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் எழுதிய செய்தி அது. மாதவிலக்கு வலி தாங்கவில்லை என்று சொன்னால் மேற்பார்வையாளர் ஒரு மாத்திரையைக் கையில் வைப்பார். அட்டை இருக்காது, மருந்தின் பெயர் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. கொடுப்பவர் பெரும்பாலும் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. விழுங்கிவிட்டு மிஷினுக்குத் திரும்ப வேண்டும். பேசிய பெண்கள் அத்தனை பேரும் அப்படி மாத்திரை வாங்கியவர்கள்.

தொழிலாளர் சட்ட மீறல் என்ற அளவில் அந்தச் செய்தி பேசப்பட்டது. பேச வேண்டியதுதான். ஆனால் அந்த மாத்திரை மாதா மாதம் எதை அமுக்கி வைத்தது என்ற கேள்வி அதோடு சேர்ந்து எழவில்லை. மாதவிலக்கு வரும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் 4 கோடிக்கு மேல் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. நோய் தொடங்கி அதன் பெயர் தெரியவருவதற்கு 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகளை எல்லாம் பெயரில்லாத மாத்திரைகள்தான் விழுங்கியிருக்கின்றன.

சூலூர், கண்ணம்பாளையம், சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் என்று நூலும் தறியுமாக வாழும் வட்டாரம் நம்முடையது. விடிவதற்கு முன்பே மில் வேன் வந்து நிற்கும். ஷிப்ட்டுக்கு ஏறும் பெண்களில் சிலர் டிபன் பாக்ஸோடு மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையையும் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். வீட்டில் சொன்னால் அம்மிச்சியிடமிருந்து வரும் பதில் தெரிந்ததுதான்: “எல்லாப் பொண்ணுகளுக்கும் வர்றதுதான் அம்மணி. கண்ணாலம் ஆயி ஒரு கொழந்தை பொறந்தா எல்லாம் செரியாப் போயிரும்.” அக்கறையோடுதான் சொல்கிறார். அவருக்கும் அவருடைய அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியான பதில் இல்லை. ஏன் இல்லை என்பதை விளங்கிக்கொள்ள, இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்ற நூறாண்டுத் தேடலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கேமரா காட்டுவது

கர்ப்பப்பையின் உட்புறத்தில் மாதா மாதம் ஒரு சவ்வு தடித்து வளரும். கரு தங்கவில்லை என்றால் அது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். அதே போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ, குழாயிலோ, குடலின் மேலோ, சிறுநீர்ப்பையிலோ, வயிற்றறையின் உள்சுவரிலோ ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அந்தத் திசுவும் ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டு மாதா மாதம் வீங்கும், கசியும். வெளியேற வழி இல்லை. உள்ளேயே அழற்சி உண்டாகி, ஆறி, தழும்பாகும். அடுத்த மாதம் மறுபடியும்.

தொப்புளுக்குக் கீழே சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் கேமராவைச் செலுத்தினால் திரையில் இது தெரியும். சில பெண்களுக்குத் தீப்பொறி பட்டுக் கருகியது போன்ற நீலக் கறுப்புப் புள்ளிகள். சிலருக்குச் சிவப்புக் கொப்புளங்கள். சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிக் கெட்டியான பழுப்புக் குழம்பாக நிற்கும். அதைத்தான் ஸ்கேன் சென்டரில் ‘சாக்லேட் சிஸ்ட்’ என்று எழுதித் தருகிறார்கள். முற்றிய நிலையில் கர்ப்பப்பையின் பின்புறமும் மலக்குடலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடக்கும். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும், தாம்பத்திய உறவின்போதும் உயிர் போகிற வலி ஏன் வருகிறது என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் வலியின் அளவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. நாலே புள்ளிகள் உள்ள பெண் துடிப்பாள். உள்ளே முழுக்க ஒட்டிப்போன ஒருத்தி, குழந்தை இல்லையே என்று பரிசோதனைக்குப் போகும் வரை ஒன்றும் அறியாமல் இருப்பாள். “ஸ்கேனில் ஒண்ணும் இல்லை, உனக்கென்ன வலி” என்று ஒரு பெண்ணிடம் கேட்பது எவ்வளவு தவறு என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

சாம்சன் சொன்னது

ஆஸ்திரிய நோயியல் அறிஞர் கார்ல் ரோக்கிடான்ஸ்கி 1860-இலேயே இத்தகைய திசுவை விவரித்துவிட்டார். ஆனால் காரணம் தேடும் முயற்சிக்கு அச்சாரம் போட்டவர் அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து மகப்பேறு மருத்துவர் ஜான் சாம்சன். 1921-இல் சாக்லேட் கட்டிகளைப் பற்றி எழுதினார். 1927-இல் தன் கொள்கையை முழுமையாக முன்வைத்தார். மாதவிலக்கு ரத்தம் முழுவதும் கீழ்நோக்கி வெளியேறுவதில்லை. ஒரு பங்கு கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து வயிற்றறைக்குள் விழுகிறது. அதோடு போகும் சவ்வின் துணுக்குகள் போன இடத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. இதுதான் சாம்சன் சொன்னது.

இதற்கு நம் கண்முன்னாலேயே ஒரு சான்று இருக்கிறது. சிசேரியன் ஆன சில பெண்களுக்கு, ஓரிரு ஆண்டு கழித்து, தையல் தழும்பின் ஓரத்தில் ஒரு கட்டி தோன்றும். மாதவிலக்கு நாட்களில் மட்டும் அது வீங்கும், வலிக்கும். மற்ற நாட்களில் அடங்கிவிடும். கர்ப்பப்பையைத் திறந்தபோது சிதறிய திசு தோலடியில் தங்கி உயிர்பிடித்து வளர்ந்ததுதான் அது. ஆயிரத்தில் ஒரு சிலருக்கே வருகிறது என்றாலும், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அப்படி இருக்கையில் இந்தச் செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடலிறக்கம் என்றும் தையல் நூல் சீழ் என்றும் இதைத் தவறாக எண்ணுவது நடக்கக்கூடியது. ‘மாதா மாதம் அந்த நாட்களில் மட்டும் வலிக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொன்னாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

ஆனால் சாம்சன் கொள்கையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், கருக்குழாய் அடைப்பில்லாத பெண்களை மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் லேப்ராஸ்கோப் வழியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேருக்கு வயிற்றறையில் ரத்தம் இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்குப் பின்னோக்கிப் பாய்கிறது, நோயோ பத்தில் ஒருத்திக்குத்தான். விதை எல்லாக் காட்டிலும் விழுகிறது, சில காட்டில் மட்டுமே முளைக்கிறது. அப்படியானால் விதையை விட்டுவிட்டு மண்ணைத்தான் சோதிக்க வேண்டும்.

விதையே விழாத இடத்திலும் முளைத்த கதைகள் வேறு இருக்கின்றன. நுரையீரலைச் சுற்றி இந்தத் திசு வளர்ந்து, ஒவ்வொரு மாதவிலக்கின்போதும் நுரையீரல் சுருங்கி மூச்சுத் திணறும் பெண்கள் இருக்கிறார்கள். ரத்தத்தின் வழியாகவோ நிணநீர் வழியாகவோ அது பயணப்பட்டிருக்க வேண்டும். புரோஸ்டேட் புற்றுநோய்க்காக நெடுநாள் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை பெற்ற ஆண்கள் சிலருக்கு, மிக அரிதாக, இதே திசு வளர்ந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள், பிறக்குமுன் இறந்த 101 பெண் சிசுக்களைப் பரிசோதித்து 9 சிசுக்களில் கர்ப்பப்பைக்கு வெளியே இத்திசுவைக் கண்டதாக எழுதினார்கள். ஒரு மாதவிலக்கைக்கூடக் காணாத உயிர்கள் அவை. கருவில் உறுப்புகள் உருவாகும்போதே இடம் மாறித் தங்கிய செல்கள் பருவமடைந்தபின் விழித்துக்கொள்ளலாம், அல்லது வயிற்றறைச் சவ்வின் செல்களே உருமாறலாம் என்ற கொள்கைகளுக்கு இவை வலுச் சேர்க்கின்றன. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வழியில்தான் இது வந்திருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதை இன்றைய ஆய்வாளர்கள் விட்டுவிட்டார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

ரத்த உறவில் பாதி

அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஆஸ்திரேலியாவிலும் சுவீடனிலும் இரட்டைச் சகோதரிகளை வைத்து நடந்த ஆய்வுகள், நோய்க்கான காரணத்தில் சுமார் பாதி பரம்பரை என்று கணக்கிட்டன. 2023-இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ ஏட்டில் வந்த மாபெரும் ஆய்வு, 60,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களையும் நோயில்லாத 7 லட்சம் பேரின் மரபணுக்களையும் ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 42 இடங்களைக் குறித்தது. அவற்றில் சில, ஒற்றைத் தலைவலி, முதுகு வலி போன்ற நாள்பட்ட வலிகளிலும் பங்குள்ளவை. வலி அந்தப் பெண்ணின் கற்பனை என்ற பேச்சுக்கு இதைவிட அழுத்தமான மறுப்பு வேண்டாம்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். நம் பெண்கள் இல்லை. இந்தக் குறையைப் போக்க, மும்பை பரேலில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய இனப்பெருக்க, குழந்தைகள் நல ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் ராகுல் கஜ்பியே தலைமையில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஒத்துழைப்போடு, நாட்டின் பல பகுதி மருத்துவமனைகளை இணைத்து ஒரு மரபணு ஆய்வு நடக்கிறது. நெருங்கிய சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்த தென்னாட்டு மக்களிடம் இந்த மரபணுக்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று அறிவது உலகத்துக்கே பயன்படும்.

பாதி பரம்பரை என்றால் மீதிப் பாதி? அதைச் சுற்றுச்சூழலிலும் தேட வேண்டும். நம்முடைய ஊர் இந்தக் கதைக்குள் வருவது அங்கேதான்.

செத்துப்போன குரங்குகள்

மாதவிலக்கு ஆகும் விலங்குகளுக்கு மட்டுமே இந்த நோய் இயல்பாக வரும். குரங்கு அவற்றில் ஒன்று. 1977-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரீசஸ் பெண் குரங்குகளுக்கு டயாக்சின் என்ற நச்சு ரசாயனத்தை உணவில் கலந்து 4 ஆண்டுகள் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு லட்சம் கோடியில் 5 பங்கு. இன்னொரு கூட்டத்துக்கு 25 பங்கு. மூன்றாவது கூட்டத்துக்கு எதுவும் கலக்காத உணவு. இனப்பெருக்கத்தில் என்ன பாதிப்பு என்று பார்ப்பதே அப்போது நோக்கம். எண்டோமெட்ரியோசிஸ் யார் மனதிலும் இல்லை.

டயாக்சின் கொடுப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்து, அதை உண்ட குரங்குகளில் சில ஒவ்வொன்றாக இறந்தன. வயிற்றைத் திறந்து பார்த்தால் கடுமையான எண்டோமெட்ரியோசிஸ். அதன்பிறகு உயிரோடிருந்தவற்றை லேப்ராஸ்கோப் வழியாகப் பார்த்தார்கள். ஷெர்ரி ரயர் குழுவினர் 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். அதிக அளவு உண்ட 7 குரங்குகளில் 5-க்கும், குறைந்த அளவு உண்ட 7-இல் 3-க்கும் நோய் நடுத்தர நிலையையோ முற்றிய நிலையையோ எட்டியிருந்தது. டயாக்சின் உண்ணாத 6 குரங்குகளில் ஒன்றுக்குக்கூட அந்த நிலை இல்லை. ஆனால் அவற்றிலும் 2 குரங்குகளுக்கு லேசான நோய் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டயாக்சின் இல்லாமலும் நோய் வருகிறது. டயாக்சின் வந்தால் வெறிபிடித்து வளர்கிறது. இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்படும் பயமுறுத்தல்கள் வாட்ஸ்ஆப்பில் நிறையச் சுற்றுகின்றன.

டயாக்சின் எப்படி இதைச் செய்கிறது? மாதவிலக்குச் சுழற்சியின் பின்பாதியில் சுரக்கும் புரொஜெஸ்டிரான் ஹார்மோன்தான் சவ்வைக் கட்டுக்குள் வைக்கிறது. திசுவை அரித்து வழி உண்டாக்கும் நொதிகளை அது அடக்கும். டயாக்சின் கலந்தால் செல்கள் புரொஜெஸ்டிரான் சொல்வதைக் கேட்பதில்லை என்று அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகள் காட்டின. நோயாளிகளின் திசுவிலும் அதே கோளாறுதான் காணப்படுகிறது. புரொஜெஸ்டிரான் சொல்வது அதன் காதில் விழாது. போதாததற்கு அந்தத் திசு தானே ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் அழற்சியைக் கூட்டும், அழற்சி ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும். நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

மனிதர்களிடம் சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. இத்தாலியின் செவேசோவில் 1976 ஜூலை 10 அன்று ரசாயன ஆலை விபத்தில் டயாக்சின் மேகம் கிளம்பியது. அங்கே சேமித்து வைத்திருந்த ரத்தத்தைக் கொண்டு, பிற்காலத்தில் 600 பெண்களை ஆராய்ந்தார்கள். டயாக்சின் மிக அதிகமாக இருந்தவர்களிடம் நோய் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தைப் புள்ளியியல் முறையில் நீக்க முடியவில்லை.

பி.எச்.சி. பவுடரும் வெள்ளலூர்ப் புகையும்

ஐம்பது வயதைத் தாண்டிய எந்தக் கொங்கு விவசாயியிடமும் பி.எச்.சி. பவுடரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பருத்திக் காட்டிலும் நெல் வயலிலும் வெறுங்கையால் தூவியிருப்பார். கரையானுக்கும் எறும்புக்கும் வீட்டு மூலையில் போட்டிருப்பார். அந்த வெள்ளைப் பொடி ஒரே ரசாயனம் அல்ல, பல வடிவங்களின் கலவை. பூச்சியைக் கொல்லும் காமா வடிவம் அதில் ஏழில் ஒரு பங்குகூட இருக்காது. மற்றவை வேலைக்கு உதவாத உடன்பிறப்புகள். பல நாடுகளில் காமாவை மட்டும் பிரித்து லிண்டேன் என்று விற்றார்கள். இந்தியாவில் மலிவு என்பதால் கலவையை அப்படியே கொட்டினோம். 1948-க்கும் 1995-க்கும் இடையே சுமார் 10 லட்சம் டன் என்பது மதிப்பீடு. 1997-இல் தடை வந்தது. லிண்டேனுக்கு அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

அந்தக் கலவையின் பீட்டா வடிவம் உடம்பை விட்டு எளிதில் போகாது. கொழுப்பில் தங்கும். பாதி வெளியேறவே ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 248 நோயாளிகளையும் 538 நோயில்லாத பெண்களையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வு, ரத்தத்தில் இந்தப் பீட்டா வடிவம் கூடுதலாக இருந்தவர்களிடம் நோய் வாய்ப்பும் கூடுதல் என்று கண்டது. அளவு ஏற ஏற நோயும் சீராக ஏறவில்லை என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் அமெரிக்கப் பெண்களின் ரத்தத்தில் இருந்த அளவுக்கே இந்தச் சந்தேகம் எழுந்தது என்றால், மூட்டை மூட்டையாகத் தூவிய மண்ணில் பிறந்து வளர்ந்த பெண்களை அல்லவா முதலில் சோதித்திருக்க வேண்டும்?

நம் பக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் ஐதராபாத்திலிருந்து வந்தது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 49 பெண்களின் ரத்தத்தில், பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்க்கும் தாலேட் ரசாயனங்கள், நோயில்லாத பெண்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக இருந்தன. ஒப்பிட எடுத்துக்கொண்டவர்கள் குழந்தையின்மைக்காக வந்த 38 பேர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வந்த 21 பேர். சிறிய ஆய்வுதான். தாலேட் சில மணி நேரத்திலேயே உடம்பை விட்டுப் போய்விடும் என்பதால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை ஒரு நாளின் நிலையை மட்டுமே காட்டும். பிற நாட்டு ஆய்வுகள் சில இதை ஆமோதித்தன, சில மறுத்தன.

டயாக்சினுக்கு வருவோம். குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது டயாக்சின் உண்டாகும். குப்பை மேட்டுத் தீ அதற்கு ஏற்ற உலை. சென்னை பெருங்குடிக் குப்பை மேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலை ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். பிற ஆசிய நாடுகளின் குப்பை மேட்டுத் தாய்மார்களைவிட அவர்கள் பாலில் டயாக்சின் கூடுதல். அது உடம்புக்குள் வந்த வழிகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் குறிப்பிட்டது பசும்பாலை. குப்பையை மேய்ந்த மாடு, அந்த மாட்டின் பால், அதைக் குடித்த தாய், அந்தத் தாயின் பாலைக் குடித்த குழந்தை. மனிதருக்குள் சேரும் டயாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவின் வழியாகத்தான் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

சூலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு. கோடையில் அது பற்றி எரிவதும், சுற்றுவட்டார மக்கள் புகையில் மூச்சுத் திணறுவதும் கோவைக்குப் புதிதல்ல. 2024 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது. நம் ஊர்த் தெருமுனையிலும் துணிக் கழிவையும் பாலித்தீனையும் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். கறவை மாடு அந்தச் சாம்பலைச் சுற்றித்தான் மேய்கிறது. பெருங்குடியில் அளந்தது போல வெள்ளலூரைச் சுற்றியும் அளக்கலாம். அளந்தாக வேண்டும்.

நொய்யல் ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவையின் சாக்கடை சுமந்து வரும் அந்த நீர்தான் சூலூர்க் குளங்களுக்கும் வருகிறது. கீழே திருப்பூர்ச் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையைப் பாழாக்கியது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஆனால் அந்த உப்பும் சாயமும் இந்த நோயை உண்டாக்கின என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆற்றைக் காப்பாற்ற வேறு நூறு காரணங்கள் இருக்கின்றன. இல்லாத காரணம் ஒன்றைக் கூட்டினால் இருக்கிற காரணங்களும் வலுவிழக்கும்.

பழி பெண்ணுக்கு இல்லை

நம் பூட்டிகள் பதினைந்து வயதுக்கு மேல் பூப்பெய்தி, ஏழெட்டுப் பெற்று, ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு வருஷம் பாலூட்டினார்கள். வாழ்நாளில் நூற்றுச் சொச்சம் மாதவிலக்குதான் பார்த்திருப்பார்கள். இன்றைய பெண்ணுக்கு அது நானூறைத் தொடுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்போது தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.8. பின்னோக்கிப் பாயும் ரத்தத்துக்கு வாய்ப்பு அத்தனை முறை கூடியிருக்கிறது. சிறு வயதில் பூப்பெய்துவதும், குறுகிய சுழற்சியும், பிறக்கும்போது எடை குறைவாக இருந்ததும் ஆபத்தைக் கூட்டுவதாக அமெரிக்க நர்சுகளிடம் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு காட்டியது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனுக்கு ஆளானவர்களுக்கு நோய் 80 சதவீதம் அதிகம். இவற்றில் எதையும் அந்தப் பெண் தேர்ந்தெடுக்கவில்லை. “படிப்பு, வேலைன்னு கல்யாணத்தைத் தள்ளிப்போட்டா இப்படித்தான்” என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்த வேண்டும்.

புதிய தடயம் ஒன்று 2023-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நோயாளிகளில் 64 சதவீதம் பேரின் கர்ப்பப்பைச் சவ்வில் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி இருந்தது. நோயில்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. எலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது நோய்த் திசு குறைந்தது. இதை நம்பி யாரும் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் கேட்டுவிடாதீர்கள். மனிதரில் நிரூபணமாகும் வரை அது ஆய்வுக்கூடச் செய்திதான்.

அம்மிச்சி சொன்ன பதிலுக்குத் திரும்புகிறேன். கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் வலி சிலருக்கு அடங்கும், பிறகு திரும்பும். நோயைத் தீர்ப்பதற்காக மட்டும் கர்ப்பமாகுங்கள் என்று சொல்லக்கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி தெளிவாக எழுதியிருக்கிறது. இந்த நோயுள்ள பெண்கள் பலருக்குக் கருத்தரிப்பதே சிரமம். வலியை மறைத்துத் திருமணம் செய்து வைத்து, பிறகு ‘குழந்தை இல்லை’ என்று அவளையே குற்றம் சொல்லும் கொடுமை இந்த அறிவுரையிலிருந்துதான் தொடங்குகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீரும் என்பதும் உறுதியில்லை. நோய் இருப்பதே கர்ப்பப்பைக்கு வெளியேதான். அதே வழிகாட்டி நல்ல செய்தி ஒன்றும் சொல்கிறது. நோயை உறுதிசெய்ய ஆபரேஷன்தான் வழி என்ற கட்டாயம் இப்போது இல்லை. அறிகுறிகளையும் ஸ்கேனையும் வைத்தே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கலாம்.

வலியால் மாதா மாதம் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் உங்கள் வீட்டுப் பெண் படுத்தால், வழக்கமான மாத்திரைக்கு அடங்கவில்லை என்றால், மலமோ சிறுநீரோ கழிக்கும்போது அந்த நாட்களில் வலித்தால், மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கல்யாணம் ஆகாத பெண்ணை அங்கே கூட்டிப்போனால் ஊர் என்ன பேசும் என்று யோசிக்காதீர்கள். எந்தத் தேதியில், எங்கே, எவ்வளவு வலித்தது என்று மூன்று மாதம் காலண்டரில் குறித்து எடுத்துப்போனால் மருத்துவருக்கு அது பேருதவி. ஒருவர் “ஒண்ணுமில்லை” என்று அனுப்பினால் இன்னொருவரிடம் போங்கள்.

இந்த நோயின் சுற்றுச்சூழல் வேரைத் தேடுவதற்கு வேண்டிய எல்லாமே கோவைக்குள் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரியும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து எச்சத்தை அளக்கும் ஆய்வகம் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பில் தேர்ந்த அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அந்தப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கும்படி மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்: மாதவிலக்கு வலியால் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் போனதுண்டா? அதற்கு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், கொடுத்தது யார்? சூலூர் வட்டத்திலிருந்தே தொடங்கலாம்.